செல்ப் பிடிக்காத வண்டியெல்லாம் இன்ஜின் போன வண்டி அல்ல

பதினைந்து, இருபது வருடம் ஓடிய டிராக்டர் காலையில் செல்ப் அடித்தவுடன் பிடிக்கவில்லையா? இன்ஜின் முடிந்துவிட்டது. இறக்கி ரிங், பிஸ்டன், லைனர் மாற்ற வேண்டும்; செலவுக்குப் பயந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புது வண்டி எடுக்க வேண்டும். அதுவரை மேட்டில் நிறுத்தி உருட்டிக்கொள்ளலாம். கடச்சனேந்தலிலிருந்து அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோவில் மலையடிவாரம் வரையிலும், அந்தப் பக்கம் மேலூர் வரையிலும் டீக்கடைகளிலும் பட்டறைகளிலும் இதுதான் தீர்ப்பு. வண்டியைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லப்படுகிற தீர்ப்பு.

இந்தக் கருத்துக்குப் பின்னால் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. டீசல் இன்ஜின் தேயத் தேய கம்ப்ரஷன் குறையும், கம்ப்ரஷன் குறைந்தால் குளிர்ந்த நிலையில் பிடிக்காது என்பது உண்மை. பழைய வண்டிகளில் கைவைத்துப் பழகிய மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள் என்பதும் உண்மை. கால்வாயில் தண்ணீர் வந்த நாளில் வண்டி காலை வாரினால் ஏற்படும் நட்டம் ரிப்பேர் செலவைவிடப் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்த பிறகு, "இப்போ மாத்தாம எப்போ மாத்தப் போறீங்க அண்ணே" என்ற பேச்சுக்கு வலு கூடியிருக்கிறது. இத்தனையும் சேர்ந்துதான், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதும் வயதாகிவிட்டது என்பதும் ஒன்றே என்ற முடிவுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அந்த முடிவு தவறு. ஸ்டார்ட் ஆகாதது ஒரு குறி மட்டுமே. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை இன்ஜின் பிளாக்குக்கு வெளியே இருப்பவை. ஒன்றிரண்டு நூறு ரூபாயில் தீர்பவையும் உண்டு. கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியதை முதலிலேயே முடிவாக எழுதிவிடுவதால் விவசாயியின் பணம் போகிறது. சில நேரம் உயிரும் போகிறது.

1. வயதுதான் காரணம் என்றால், புத்தம் புது வண்டிகள் ஏன் அடம்பிடித்தன?

1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35, பிறகு மாஸி ஃபெர்குசன் 35 என்று பெயர் மாறியது. அதன் டீசல் மாடலில் முதலில் பொருத்தப்பட்டது ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நான்கு சிலிண்டர் 23சி இன்ஜின். ஷோரூமிலிருந்து இறங்கிய வண்டிகளே குளிர்காலக் காலைகளில் பிடிக்காமல் உயிரை வாங்கின. டிராக்டர் உலகில் அந்த இன்ஜினுக்கு இன்றும் அந்தக் கெட்ட பெயர் உண்டு. 1959-ல் பெர்கின்ஸ் கம்பெனியை மாஸி ஃபெர்குசன் வாங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் அதே 35 மாடலுக்குப் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது. புகார் நின்றது. வண்டி அதேதான், குளிரும் அதேதான்; மாறியது இன்ஜின் ஒன்றுதான்.

இங்கே அந்தக் கதைக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் கூட்டுடன் டிராக்டர் செய்தது. மதுரைக்கு அருகிலும் அதற்கு ஆலை இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் பழைய மாஸி 1035-ல் இருப்பது சிம்ப்சனின் மூன்று சிலிண்டர் இன்ஜின், பெர்கின்ஸ் வழிவந்தது. அதாவது, எளிதில் ஸ்டார்ட் ஆகும் என்பதற்காகவே பேர் வாங்கிய இன்ஜின் குடும்பம். அது பிடிக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. எது என்று தேடாமல் வயதைக் கைகாட்டுவது நோயைப் பார்க்காமல் ஜாதகத்தைப் பார்ப்பது.

குளிரைக் காரணம் சொல்லவும் இங்கே வழியில்லை. மார்கழி விடியலில்கூட மதுரைச் சமவெளியில் வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஐரோப்பியப் பனியில் பிடிக்கும்படி செய்த இன்ஜின், அழகர்மலை அடிவாரத்துக் காற்றுக்கு நடுங்காது.

2. செல்ப் சுற்றுகிறது என்பதாலேயே பேட்டரிப் பக்கம் குற்றமில்லை என்று யார் சொன்னது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16, 17 மடங்கு அழுத்தும்போது அது 500 டிகிரி அளவுக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கும் களத்துமேட்டில் நிற்கும் வண்டிக்கும் இது பொது. ஆனால் அழுத்தம் வேகமாக நடக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குள் போய்விடும், காற்றும் ரிங் ஓரமாக நழுவிவிடும். நல்ல ரிங் உள்ள இன்ஜினும் அப்போது கம்ப்ரஷன் போன இன்ஜின் மாதிரியே நடந்துகொள்ளும். தீர்ப்பு சொல்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

கணக்கு எளிது. செல்ப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். 300 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் கேபிள் சேசிஸில் சேரும் இடத்தில் துருவும் பெயிண்டும் சேர்ந்து 0.01 ஓம் தடை உண்டாக்கினால் போதும். அந்த ஓர் இடத்திலேயே 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் பேட்டரியில் கால்பங்கு அங்கேயே வீண். ஹாரன் அடிக்கும், லைட் எரியும், செல்ப்பும் சுற்றும். இன்ஜின் மட்டும் பிடிக்காது.

இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் போதும். ஸ்டாப் நாபை இழுத்துவிட்டுச் செல்ப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்; அதை மாற்றியும் விழுந்தால் செல்ப் மோட்டார் மேல். பேட்டரியில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்று, செல்ப் முனையில் 8 இருந்தால் குற்றம் நடுவில் உள்ள கேபிளில். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லாவிட்டால், செல்ப் அடித்தபின் கேபிள் முனைகளைத் தொட்டுப் பார்த்தால் போதும். சுடுகிற இடம் குற்றவாளி.

இதில் இன்னொரு தர்க்கமும் அடங்கியிருக்கிறது. "தள்ளினா உடனே பிடிச்சுக்கும், செல்ப்புலதான் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டே அந்த வண்டியை இன்ஜின் போனதாக எழுதிவிடுகிறார்கள். தள்ளியவுடன் பிடிக்கிறது என்றால் டீசல் வருகிறது, நாசில் பீய்ச்சுகிறது, டைமிங் தோராயமாகவாவது சரியாக இருக்கிறது என்று பொருள். செல்ப்பில் கிடைக்காமல் தள்ளும்போது கிடைத்தது வேகம் மட்டுமே. இழுவையின் வேகம் சற்றே தேய்ந்த ரிங்கையும் மறைத்துவிடும் என்பதால் இது முழு நற்சான்று ஆகாது. ஆனால் விசாரணை எங்கே தொடங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது: பேட்டரி, கேபிள், செல்ப்.

3. காலையில் மட்டும் பிடிக்காமல் பகலெல்லாம் ஒழுங்காகப் பிடிக்கும் வண்டிக்கு ரிங் போய்விட்டதா?

போயிருக்கலாம். அதே அளவுக்கு, இரவில் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு காலை போதும். செல்ப்பைத் தொடும் முன் பீட் பம்ப்பின் கை லீவரை அடித்து லைனை நிரப்பிவிட்டு, பில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்திக் குமிழி நிற்கும் வரை ஏர் எடுக்க வேண்டும். (லீவர் தளர்ந்து ஆடினால் அது கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, உள்ளே கேம் மேல் நின்றிருக்கும், இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் வேலை செய்யும்.) அதன்பின் முதல் சுற்றிலேயே வண்டி பிடித்தால் ரிங் குற்றமற்றது. தேய்ந்த ரிங்கைக் கையால் டீசல் அடித்துச் சரிசெய்ய முடியாது.

காற்று எங்கே புகுகிறது என்பது டேங்க் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. டேங்க் இன்ஜினுக்கு மேலே இருந்தால் கசிவு ஈரமாக வெளியே தெரியும். தாழ்வாக இருந்தால் ஒரு சொட்டும் விழாது. டீசல் பின்னால் இறங்க, காற்று உள்ளே போகும். பெரும்பாலும் நசுங்கிப் பலமுறை பயன்பட்ட காப்பர் வாஷர், காய்ந்து வெடித்த ஹோஸ், பில்டர் கிண்ணத்தின் ரப்பர் என்று அற்பப் பொருள்கள். இவற்றுக்காக இன்ஜினை இறக்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

புகையும் பேசும். செல்ப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லையா? சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. ஸ்டாப் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தாலும் இதேதான் நடக்கும். ஒரு சொட்டு எண்ணெய் அதைத் தீர்க்கும். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லையா? டீசல் போகிறது, எரியவில்லை. சுழற்சி வேகம், நாசில், டைமிங், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். புகையைப் பார்க்காமல் முடிவு சொல்பவர் பாதி சாட்சியத்தை விசாரிக்கவே இல்லை.

நாசில் பற்றி ஓர் எச்சரிக்கை. மாடலுக்கேற்ப ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் கருவி அது. தூவலாக வர வேண்டியது சொட்டாக வந்தால் சூடிருந்தும் பற்றாது. அதைச் சோதிக்கும் இடம் டெஸ்டர் உள்ள பட்டறை. உள்ளங்கையை எதிரே பிடித்துப் பார்க்கும் பழக்கம் கொடூரமானது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் தெரிந்தாலும் உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். குத்தியது தெரிந்தால் வலிக்காகக் காத்திராமல் அந்த நிமிடமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4. சரி, தேய்மானம் உண்மையாகவே இருந்தால்?

அப்போதும் அது நிரூபிக்கப்பட வேண்டும். கேஜ் வீல் போட்டுத் தொழி உழவில் நாள் முழுக்க இழுக்கிறது, நீலப் புகை இல்லை, பிரீதரிலிருந்து காற்று குபுகுபுவென்று தள்ளவில்லை, இன்ஜின் ஆயில் அளவு இறங்கவில்லை என்றால் அந்த இன்ஜினின் ரிங் மேல் பழி போட ஆதாரமே இல்லை. சுமையில் நிற்கிற இன்ஜின் ஸ்டார்ட்டில் மட்டும் இறந்துபோவதில்லை.

ஆதாரம் இருந்தால் அளக்க வேண்டும். நாசிலைக் கழற்றிய இடத்தில் டீசல் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டராக எண்ணை எடுக்க வேண்டும். மூன்றும் மாடலுக்குரிய அளவில் நெருங்கி நின்றால் வழக்கு தள்ளுபடி. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் முதலில் டேப்பட். இடைவெளியே இல்லாமல் இறுகிய டேப்பட், வால்வை முழுதாக உட்காரவிடாது. ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் கொண்டு ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை அது. பிறகு வால்வு, ஹெட் கேஸ்கட். அதற்கும் பிறகுதான் ரிங். சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில் விட்டு எண் ஏறுகிறதா என்று பார்ப்பது ரிங்கையும் வால்வையும் பிரித்துக் காட்டும்; தேர்ந்த மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை, ஏனென்றால் ஆயில் அதிகமானால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ரிங்தான் போயிருக்கிறது என்று எண் சொன்னால் தாராளமாக இன்ஜினை இறக்கலாம். தேவைப்பட்ட இன்ஜின் வேலைக்கு இந்தக் கட்டுரை எதிரி அல்ல. எண் எடுக்காமல் இறக்குவதற்குத்தான் எதிரி.

5. மேட்டில் நிறுத்து, உருட்டு, துணி கொளுத்து: இதெல்லாம் செலவில்லாத வழியா?

இல்லை. மிக அதிகச் செலவான வழி இதுதான். ஏர் கிளீனருக்குள் ஈதர் ஸ்பிரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். டீசலைவிடக் குறைந்த சூட்டிலேயே ஈதர் பற்றும். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து அதை எதிர்த்து அடிக்கும். பிஸ்டனின் ரிங் பள்ளங்கள் உடைவதும் ராடு வளைவதும் அதனால்தான். எர்த் ஒயர் துருவில் தொடங்கிய கோளாறு இப்படித்தான் உண்மையான இன்ஜின் கோளாறாக மாறுகிறது. பிறகு, "நான் அப்பவே சொன்னேன், இன்ஜின் போச்சுன்னு" என்கிறார்கள். போகவில்லை, போக்கடிக்கப்பட்டது. ஏர் குழாயில் ஹீட்டர் உள்ள மாடலில் ஈதர் அடித்தால் ஆளும் சேர்ந்து எரிவார். பெட்ரோல் ஊற்றுவதும் மண்ணெண்ணெய்த் துணியைக் காட்டுவதும் தீயை மடியில் கட்டிக்கொள்ளும் வேலைகள்.

ஸ்குரு டிரைவரால் செல்ப் முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்வது இன்னும் மோசம். தரையில், பின்சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு செய்கிற வேலை. வண்டி கியரில் கிடந்தால் பிடித்த நொடியில் பாய்ந்து, நின்ற ஆள் மேலேயே ஏறும். உலகெங்கும் டிராக்டர் சாவுகளில் நன்கு அறியப்பட்ட வகை இது. இன்னொரு டிராக்டரால் இழுக்கும்போது கயிற்றை டிராபாரில் கட்டாமல் அச்சுக்கு மேலே எங்காவது கட்டினால், இழுக்கிற வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் மேலேயே கவிழும்.

அணைக்காமலே விடுவது? சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல், இன்றைய விலையில் 90 ரூபாய்க்கு மேல். ஒரு பருவத்தில் சேரும் இந்தப் பணத்தில் நல்ல கேபிள் செட் வாங்கிவிடலாம்.

6. புது வண்டி வாங்கினால் பிரச்சினை தீருமா?

முதலில் கணக்கு. 35, 40 குதிரைத்திறன் வண்டி இன்று 6 லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. அதில் 5 லட்சம் கடன், 12 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதத்துக்கு 11,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 1,67,000 ரூபாயைத் தொடும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலம் டிராக்டர் தவணையைத் தாங்காது. வாடகை உழவுதான் தாங்க வேண்டும். கடன் முடிந்த பழைய வண்டி கண்மாய் வறண்ட வருடத்தில் கொட்டகையில் சும்மா நிற்கலாம். தவணை வண்டிக்கு அந்த உரிமை இல்லை.

அடுத்து, சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தும் பேச்சு. பழைய டிராக்டரை உடைப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பரவும் செய்தி உண்மையல்ல. வேளாண் டிராக்டர் போக்குவரத்து வாகன வகையில் வராது. முதல் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

மூன்றாவது, புதிதும் அதே ஜாதிதான். கடுமையான டிரெம் 4 புகை விதி 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான் வந்தது. அதற்குக் கீழே, நம் வயல்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் பழைய வகை மெக்கானிக்கல் பம்ப்பும் நாசிலுமே கொண்டவை. அதே பேட்டரி, அதே எர்த், அதே காப்பர் வாஷர். சோதிக்கும் பழக்கம் வராத வீட்டில் புது வண்டியும் ஐந்தாம் வருடம் மேட்டைத் தேடும்.

எஞ்சியிருப்பது வலுவான வாதம்: தண்ணீர் வந்த நாளில் காலை வாரினால்? இது வெறும் அச்சமல்ல. பெரியாறு பாசனத்தில் மேலூர் பகுதி ஒருபோக நிலம் மட்டும் 85,563 ஏக்கர். கால்வாய் திறந்ததும் இவ்வளவு நிலமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொழிக்குத் தயாராக வேண்டும். அந்த வாரங்களில் வண்டி கிடைக்காதவருக்கு நாற்று முற்றிப்போகும். ஆனால் இந்த வாதம் பழைய வண்டிகளைக் காப்பாற்றத்தான் சொல்கிறது, கழிக்க அல்ல. அந்த நெருக்கடியில் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் வாடகைக்கு வருவது தவணை முடிந்த பழைய வண்டிதான். அவற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டால் வரிசை நீளும், மணி வாடகை ஏறும். சொந்த வண்டி இல்லாதவர்தான் அதைக் கொடுப்பார்.

ஆகவே வேலை, தண்ணீர் வரும் நாளுக்கு முன்னால், ஆடியில் நடக்க வேண்டும். பேட்டரி முனைகளையும் எர்த்தையும் உப்புத்தாள் போட்டுத் துடைத்து இறுக்குவது, பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, வாஷர்களை மாற்றுவது, ஆயில் பாத் ஏர் கிளீனரில் சேறாகிப்போன எண்ணெயை மாற்றுவது, டேப்பட் பார்ப்பது எல்லாம் ஒரு நாள் வேலை. நாசில்களை ஒருமுறை டெஸ்டரில் காட்டுவதற்கு இன்னொரு நாள். அப்படியும் பிடிக்காமல் பட்டறைக்குப் போனால், இன்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் நான்கு எண்களை எழுதித் தரச் சொல்ல வேண்டும்: செல்ப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட், செல்ப் முனையில் வோல்ட், ஒவ்வொரு நாசிலும் திறக்கும் அழுத்தம், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன். எழுதித் தர மறுக்கும் பட்டறையிலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், கயிற்றை டிராபாரில் கட்டி.